பாஸ்டரை விடாத பாட்டி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் ஒரு பிரசங்கத்தை முழுசாக் கேட்டேன்.

தூங்காம. மணி பாக்காம. பைபிளுக்குள்ள போனை வச்சு வாட்ஸப் பாக்காம.

பாளையங்கோட்டைல என்கூட ஓய்வுநாள் பள்ளிக்கு வந்தவங்க யாராவது இதை வாசிச்சா "யாரு, இவளா?"ம்பாங்க. ஆமாப்பா, நானேதான். நடந்த இடம் அமெரிக்கா, அட்லாண்டா. கறுப்பினத்தவங்களோட பாப்டிஸ்ட் சர்ச். அந்தக் குஷி இன்னும் இறங்கல. அதான் எழுத உக்காந்துட்டேன். நீளமாத்தான் போகும், காபி எடுத்துட்டு வந்துருங்க.

முதல்ல நம்ம பக்கத்து நெலவரம். (சி.எஸ்.ஐ. பத்தித் தெரியாதவங்களுக்காக.) எங்க ஆராதனைல எல்லாமே புத்தகத்துல இருக்கும். எப்ப எந்திரிக்கணும், எப்ப முழங்கால் போடணும், ஐயர் இதைச் சொன்னா சபை எதைச் சொல்லணும், அத்தனையும் அச்சுல இருக்கும். (திருநெல்வேலிப் பக்கம் போதகரை "ஐயர்"னுதான் சொல்லுவோம். வெளியூர்க்காரங்க குழம்பாதீங்க.) பிரசங்கம் மட்டும் முழுக்க அவர் பாடு. அவர் பேசுவாரு, நாங்க உக்காந்திருப்போம். நல்லாப் பேசினாலும் உக்காந்திருப்போம், அறுத்தாலும் உக்காந்திருப்போம். "மூன்றாவதாக"ன்னு ஒரு வார்த்தை வந்ததும் சபை பூரா ஒரு சின்ன சலசலப்பு கேக்கும். பர்ஸுக்குள்ள காணிக்கைக்குச் சில்லறை தேடுற சத்தம்.

இப்பிடி வளந்தவ நான்.

அட்லாண்டால அண்ணன் வீட்டுக்கு லீவுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்ல ஒரு பாட்டி, ரிட்டயர்டு டீச்சர். மதினியும் அவங்களும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு கீரை, கத்திரிக்கான்னு கைமாத்திக்குற சினேகம். சனிக்கிழமை சாயங்காலம் வெளிய போயிட்டு வந்து இறங்குறோம், "எங்க போயிட்டு வர்றீங்க?"ன்னாங்க. எபெனேசர் சர்ச் பாத்துட்டு வர்றோம்னு பெருமையாச் சொன்னேன்.

ஆபர்ன் அவென்யூல இருக்குற எபெனேசர் பாப்டிஸ்ட் சர்ச், மார்ட்டின் லூதர் கிங்கோட சர்ச். 1886ல ஆரம்பிச்ச சபை. கிங்கோட தாத்தா (அம்மாவைப் பெத்தவர்) அங்க பாஸ்டர், அப்புறம் அப்பா பாஸ்டர், 1960லேருந்து 1968ல சுட்டுக் கொல்லப்படுற வரைக்கும் அப்பாகூட இவரும் பாஸ்டர். பழைய கட்டடத்தை இப்ப தேசியப் பூங்காத் துறை பாத்துக்குது. நீங்க பாட்டுக்கு உள்ள போய் பெஞ்சுல உக்காரலாம். ஸ்பீக்கர்ல கிங்கோட பழைய பிரசங்கம் ஓடிக்கிட்டிருக்கும்.

அங்க எனக்குத் தூக்கிவாரிப் போட்ட சேதி வேற. கிங்கோட அம்மா ஆல்பெர்ட்டா, அதே சர்ச்ல, 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனைல ஆர்கன் வாசிச்சுக்கிட்டிருக்கும்போது ஒருத்தன் சுட்டுக் கொன்னுட்டான். மகன் போய் ஆறு வருஷத்துல. எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் பாட்டிகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன். பொறுமையாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "சபை எதிர்த்தாப்ல புதுக் கட்டடத்துக்குப் போயி வருஷக்கணக்காச்சு. ஆளில்லாத பெஞ்சைப் பாத்துட்டு வந்து சர்ச்சுக்குப் போனேங்குறியா பேபி? நாளைக்கு என்கூட வா"ன்னுட்டாங்க.

(பேபி! எனக்கு வாசிக்கக் கண்ணாடி வந்து பல வருஷம் ஆச்சு. அந்த ஊர்ல வயசானவங்க எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு.)

புது எபெனேசர் 1999லேருந்து இருக்கு. அங்க இப்ப தலைமைப் பாஸ்டர் ரஃபேல் வார்னாக். அமெரிக்க செனட்டரும் அவர்தான். ஆனா பாட்டி கூட்டிட்டுப் போனது அங்க இல்ல, அவங்க தெருவுல இருக்குற நடுத்தரமான ஒரு சர்ச்சுக்கு. பேர் போடல. அவங்களை ஊர் வந்து வேடிக்கை பாக்க வேண்டாம்.

என்ன உடுத்துறதுன்னு சனிக்கிழமை ராத்திரி எனக்கும் மதினிக்கும் பெரிய ஆலோசனை. அமெரிக்கால சர்ச்சுக்கு ஜீன்ஸே போதும்னான் அண்ணன். (அண்ணன் பேச்சைக் கேக்கவே கூடாதுன்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணிட்டேன்.) பட்டு கட்டிக்கிட்டுப் போனேன். நல்லவேளை! பாட்டி கதவைத் திறந்தா, ஊதா கலர்ல கோட்டு, ஊதா கலர்ல ஷூ, தலைல ஊதாத் தொப்பி. சாதாத் தொப்பி இல்லீங்க. அதுல ஒரு இறகு, ஒரு வலை, ஒரு பூ. வாரம் பூரா அடுத்தவங்க வீட்ல வேலை பாத்து, சீருடை போட்டு, தலை குனிஞ்சு நடந்த பொம்பளைங்க ஞாயித்துக்கிழமை மட்டும் ராணி மாதிரி வந்து உக்காருவாங்களாம். அந்த வழக்கம்தான் இந்தத் தொப்பி. தொப்பிக்குப் பின்னாடி இடம் பிடிச்சீங்கன்னா பிரசங்க மேடை தெரியாது, இப்பவே சொல்லிட்டேன்.

வாசல்ல வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை போட்ட அக்காமார். ஒரு கை முதுகுக்குப் பின்னாடி, இன்னொரு கையால "இந்தப் பக்கம்"னு சைகை. வாயே திறக்கல. ஜெபம் நடக்கும்போது உள்ள விட மாட்டாங்க, அது முடியுற வரைக்கும் நடைபாதைலயே நிக்க வேண்டியதுதான். உக்காந்ததும் கைல ஒரு அட்டை விசிறி தந்தாங்க. ஒரு பக்கம் கிங் படம். திருப்பிப் பாத்தா ஒரு ஈமக்கிரியை நிறுவனத்தோட விளம்பரம், போன் நம்பரோட. (ஏசி ஓடுது. இருந்தாலும் விசிறி உண்டு. விசிறி இல்லாம அது சர்ச் இல்லன்னாங்க பாட்டி.)

ஆராதனை தொடங்கினது பாஸ்டர் இல்ல. கோட்டு போட்ட பெரியவங்க ரெண்டு மூணு பேர், டீக்கன்மார், முன்னால வந்து நின்னாங்க. ஒருத்தர் பாட்டோட ஒரு வரியை மளமளன்னு சொன்னாரு. உடனே சபை அதே வரியை இழுத்து, அலையலையா, மெதுவாப் பாடுது. ஆர்கன் இல்ல, டிரம்ஸ் இல்ல, புத்தகமும் இல்ல. அடுத்த வரி, மறுபடி இழுவை. எனக்கு ரோமம் சிலிர்த்துடுச்சு.

பாட்டு யாரோடதுன்னு நினைக்கிறீங்க? ஐசக் வாட்ஸ். முந்நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்துக்காரர். நம்ம பாமாலைப் பாட்டுப் புத்தகத்துலயும் அவர் பாட்டு தமிழாகி இருக்கு. நாங்க அதை ஆர்கனுக்கு அடங்கி, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி பாடுவோம். இங்க அதே ஆள் பாட்டு வேற ஜென்மம் எடுத்திருக்கு. அடிமையா இருந்த காலத்துல இவங்க முன்னோருக்கு எழுதப் படிக்கக் கத்துக்குடுத்தாலே தண்டனைன்னு தெற்கு மாநிலங்கள் பலதுல சட்டம் இருந்துச்சு. பாட்டுப் புத்தகம் எங்கேருந்து வரும்? ஒருத்தர் சொல்ல, மத்தவங்க திருப்பிப் பாடணும். புத்தகம் இல்லாத குறையை சபையோட தொண்டையே தீத்து வச்சிடுச்சு.

இதை மனசுல வச்சுக்கோங்க. பின்னால வேணும்.

அப்புறம் கொயர் வந்துச்சு. அங்கி போட்டுக்கிட்டு, ஆடிக்கிட்டே. டிரம்ஸ், பேஸ் கிட்டார், ஹாமண்ட் ஆர்கன். கைதட்டுறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம ஆளுங்க தாளத்தோட ஒண்ணு, மூணுல தட்டுவோம். அவங்க ரெண்டு, நாலுல தட்டுறாங்க. கேக்கச் சின்ன விஷயம். செஞ்சு பாருங்க தெரியும்! நாலு வரி சரியாத் தட்டுவேன், அஞ்சாவது வரில கை தன்னால பாளையங்கோட்டைக்குத் திரும்பிடும். பக்கத்துல இருந்த சின்னப் பையன் என் கையையே பாத்துக்கிட்டிருந்தான். பாவம், அவனுக்கும் தாளம் தப்பிடுச்சு.

இந்த இசைக்கே இதே ஜார்ஜியா மாநிலத்துக்காரர் ஒருத்தர்தான் தகப்பன்ங்குறாங்க. தாமஸ் டோர்சி, 1899ல வில்லா ரிக்கால பொறந்தவர். முதல்ல மதுக்கடைல ப்ளூஸ் பியானோ வாசிச்சவர். அப்புறம் சிக்காகோல ஒரு பாப்டிஸ்ட் சர்ச்ல கொயர் நடத்தி, அந்த ப்ளூஸையே கோயிலுக்குள்ள கொண்டு வந்துட்டாரு. அப்ப நிறைய சர்ச்ல அவரை வெளிய போகச் சொன்னாங்களாம். நம்ம ஊர்லயும் கிட்டார் முதல்ல ஆலயத்துக்குள்ள வந்தப்ப பெரியவங்க மூஞ்சி போன போக்கு ஞாபகம் இருக்கா?

அடுத்து என்னைக் கடுப்பேத்தின கட்டம்.

"புதுசா வந்தவங்க எந்திரிச்சு நில்லுங்க."

எனக்கு இது எந்த ஊர்ல நடந்தாலும் பிடிக்காது. நான் கடைசி பெஞ்சுக்காரி. எந்திரிக்கவே கூடாதுன்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். பாட்டி என் முழங்கையைப் பிடிச்சுத் தூக்கிட்டாங்க. மைக் வேற வந்துடுச்சு. "இந்தியா, தமிழ்நாடு"ன்னு சொன்னேன். சபையே கைதட்டுது. அதோட விடல, எல்லாரும் இடத்தை விட்டு வந்து கட்டிப்பிடிக்குறாங்க. பவுடர் வாசனை, புதினா மிட்டாய் வாசனை, என் பட்டுக்கு ஏகப்பட்ட பாராட்டு. ஒரு பத்து நிமிஷம் இதே வேலை. கடுப்பு எங்க போச்சுன்னு தெரியல.

காணிக்கைக்கும் நம்மளை மாதிரி பை வராது. வரிசையா எந்திரிச்சு, பாட்டுக்கு அசைஞ்சுக்கிட்டே, முன்னால நடந்து போய்ப் போடணும். (கைல காசு இல்லைன்னா போன்லயும் அனுப்பலாம். தப்பிக்க வழியே இல்ல.)

சரி, பிரசங்கம்.

பாஸ்டர் பதவிசாத்தான் ஆரம்பிச்சாரு. யோவான் அஞ்சு, பெதஸ்தா குளத்துக்கிட்ட முப்பத்தெட்டு வருஷமா படுத்துக் கிடந்தவன் கதை. குரல் தாழ்த்தி, வகுப்புல பாடம் எடுக்குற மாதிரி. ரெண்டு வாக்கியம்தான் ஆயிருக்கும். என் பக்கத்துல பாட்டி கணீர்னு, "டேக் யுவர் டைம்!"

நான் பதறிட்டேன். பாஸ்டரை அதட்டுறாங்களோ?

இல்ல. அவசரப்படாதே, நாங்க இருக்கோம், நிதானமா வான்னு தைரியம் சொல்றாங்க. பின்னாலேருந்து ஒரு பெரியவர் "வெல்..."னு இழுத்தாரு. பாஸ்டர் அடுத்த வாக்கியத்தை எடுத்தாரு. "சே தட்!" இன்னொரு பக்கம் "ஆமென்!" அவர் நிறுத்தினா இவங்க நிரப்புறாங்க, இவங்க நிறுத்தினா அவர் எடுக்குறாரு. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். வில்லுப்பாட்டுல புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்துல குடம் அடிக்கிறவர் "ஆமா" போடுவாருல்ல? அந்த "ஆமா" இல்லாம கதை நகருமா? இங்க சபை பூரா குடம் அடிக்குது.

இன்னும் கேளுங்க. நடுவுல பாஸ்டர் ஒரு உதாரணம் சொன்னாரு. எங்கேயோ கிளம்பி, எங்கேயோ போய், ஒட்டல. சபைக்குத் தெரிஞ்சுபோச்சு. பாட்டி கண்ணை மூடிக்கிட்டு, கொஞ்சம் சத்தமாவே, "ஹெல்ப் ஹிம், லார்ட்!"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

அதாவது, ஆண்டவரே, இந்தப் பையன் சொதப்புறான், கொஞ்சம் பாத்துக்கோங்க. பாஸ்டருக்கும் கேட்டுச்சு. சிரிச்சுட்டாரு. உதாரணத்தை அப்பிடியே விட்டுட்டு வசனத்துக்குத் திரும்பினாரு. உடனே நாலு பக்கமும் "ஆமென்!" பாத்தீங்களா? கமிட்டி இல்ல, மொட்டைக் கடுதாசி இல்ல. அஞ்சு செகண்டுல வேலை முடிஞ்சுது.

கடைசிப் பத்து நிமிஷம் வேற ரகம். பேச்சு மெல்ல மெல்ல ராகத்துல ஏறுது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சுல வந்து இடிக்குது, அந்த இடத்துல ஆர்கன்காரர் ஒரு கட்டை போடுறாரு. இதுக்கு "வூப்பிங்"னு பேராம். இதுல பெரிய கில்லாடி டெட்ராய்ட் பாஸ்டர் சி.எல். ஃப்ராங்க்ளின், பாடகி அரீதா ஃப்ராங்க்ளினோட அப்பா. அவர் பிரசங்கம் இசைத்தட்டா வந்து வித்திருக்கு. (நம்ம ஊர்ல திருவிளையாடல் வசன ரெக்கார்டு ஓடின மாதிரி, வீட்ல போட்டுக் கேப்பாங்களாம்.)

கிங்கோட புகழ்பெற்ற பேச்சே இந்தப் பழக்கத்துல பொறந்ததுதான். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். கைல எழுதி வச்ச உரை. பாதிக்கு மேல போனப்ப, பக்கத்துல இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பத்திச் சொல்லுங்க மார்ட்டின்னு குரல் கொடுத்தாங்கன்னு அங்க இருந்தவங்க எழுதி வச்சிருக்காங்க. அவர் தாளை ஒதுக்கிட்டாரு. அதுக்கப்புறம் வந்ததுதான் இன்னைக்கு உலகம் பூரா தெரிஞ்ச பேச்சு. மஹாலியாவும் பாப்டிஸ்ட் சர்ச்ல வளந்தவங்க. பாஸ்டருக்குக் குரல் கொடுத்துப் பழகின பாட்டிகளுக்கு நடுவுல வளந்த பொண்ணு, வேற என்ன செய்யும்?

சாப்பாட்டு நேரத்துல பாட்டிகிட்டக் கேட்டேன், இங்க வெள்ளைக்காரங்க யாரையும் காணோமேன்னு. "அவங்களுக்கு வேற சர்ச் இருக்கு பேபி"ன்னு சாதாரணமாச் சொன்னாங்க. அந்தக் கதையும் இதே மாநிலத்துலதான் தொடங்குது. அடிமை வச்சிருக்குறவன் மிஷனரி ஆகலாமான்னு சண்டை வந்து, ஆகலாம்னு நின்ன தெற்குக்காரங்க 1845ல ஜார்ஜியாவுல அகஸ்டாங்குற ஊர்ல கூடித் தனியாப் பிரிஞ்சாங்க. அதுதான் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். மன்னிப்புக் கேக்க 150 வருஷம் ஆச்சு. 1995ல கேட்டாங்க, இதே அட்லாண்டால. ஞாயிறு காலை பதினோரு மணிதான் அமெரிக்கா அதிகமாப் பிரிஞ்சு கிடக்குற நேரம்னு கிங் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்காரு.

"ஐயோ அமெரிக்கா"ன்னு நாம உச்சுக்கொட்ட வேண்டாம். 1959ல கிங் இந்தியா வந்தாரு. மெட்ராஸ், மதுரை எல்லாம் வந்துட்டுத் திருவனந்தபுரம் போனாரு. அங்க தலித் பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியர், அமெரிக்காலேருந்து வந்திருக்குற நம்மளை மாதிரியே தீண்டப்படாதவர்னு அவரை அறிமுகப்படுத்தினாராம். முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, யோசிச்சுப் பாத்தா உண்மைதானேன்னு கிங் 1965 ஜூலை 4ல எபெனேசர்லயே பிரசங்கத்துல சொன்னாரு. நம்ம பக்கம் எந்தெந்த ஊர்ல சாதிக்கு ஒரு கோயில், சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்குன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

மறுபடி பாட்டியோட சர்ச்சுக்குள்ள வருவோம். கொயருக்குப் பின்னால, சுவரோரமா ஒரு தொட்டி இருக்கு. முழுக்கு ஞானஸ்நானத்துக்கு. நான் பச்சைக் குழந்தையா இருந்தப்ப தலைல மூணு கை தண்ணி தெளிச்சாங்க, நான் அழுதேனாம், அவ்வளவுதான் எனக்கும் ஞானஸ்நானத்துக்கும் உள்ள சம்பந்தம். பாப்டிஸ்ட்காரங்க இதை ஒத்துக்க மாட்டாங்க. விவரம் தெரிஞ்சு, தானா முடிவெடுத்து, முழுசா முங்கணும். பாப்டிஸ்ட் சபையை 1609ல ஆம்ஸ்டர்டாம்ல ஜான் ஸ்மித்துங்குற ஆங்கிலேயப் போதகர் ஆரம்பிச்சாரு. மேல பேராயரும் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் பாஸ்டரைத் தானே ஓட்டுப் போட்டு வச்சுக்குது. 1947ல பல சபைகள் சேந்து சி.எஸ்.ஐ. ஆனப்ப இவங்க சேரலை. தமிழ்நாட்டுல நமக்கு பாப்டிஸ்ட் அதிகம் பழக்கமில்ல. தெலுங்குப் பக்கம் போனா நிறைய. 1870கள்ல பஞ்சத்துல ஓங்கோல் மிஷனரி ஜான் க்ளஃப், பக்கிங்காம் கால்வாய்ல ஒரு பகுதி வெட்டுற ஒப்பந்தத்தை எடுத்து ஜனங்களுக்கு வேலை குடுத்தாரு. பஞ்சம் தீந்தப்புறம் 1878 ஜூலை 3, குண்டலகம்மா ஆத்துல ஒரே நாள்ல 2,222 பேர் முங்கி எந்திரிச்சாங்க. நம்ம சென்னைல மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுறோமே, அதே கால்வாய்தான்.

போகணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: நல்லா உடுத்திட்டுப் போங்க. ரெண்டரை மணி நேரம் ஆகும், காலைல வயித்துக்கு ஏதாவது போட்டுக்கோங்க. கொயர் பாடும்போது போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீங்க, அது கச்சேரி இல்ல. முடிஞ்சதும் கீழ ஹால்ல சாப்பாடு இருந்தா உக்காந்து சாப்பிட்டுத்தான் வரணும். பொரிச்ச கோழி, சீஸ் ஊத்தின மக்ரோனி, நம்ம கீரை மசியலுக்கு ஒன்னுவிட்ட சகோதரி மாதிரி ஒரு காலர்ட் கீரை. டீல சக்கரை போடச் சொல்லாதீங்க, ஏற்கனவே பாகு.

இப்ப என் கருத்து. பிடிக்கலைன்னா விட்டுருங்க.

நாம ஆலயத்துல அமைதியா இருக்குறதைப் பக்தின்னு சொல்லிக்குறோம். பாதி பக்திதான், ஒத்துக்குறேன். மீதி, நம்மகிட்ட யாரும் எதுவும் எதிர்பாக்குறதில்ல. புத்தகம் நமக்காகப் பதில் சொல்லிடுது. பிரசங்கம் மோசமா இருந்தா வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊத்திக்கிட்டே ஐயரைக் கிழிக்குறோம். அவருக்கு அது காதுலயே விழாது, அடுத்த வாரமும் அதேதான். புத்தகமே இல்லாம ஆரம்பிச்ச அந்த சபைல, கேக்குறவங்களுக்கும் பாதிப் பொறுப்பு இருக்கு. அவர் தடுமாறினா தாங்கிப் பிடிக்கணும், நல்லாச் சொன்னா உடனே சொல்லணும். அதுக்கு முழிச்சிருந்தாத்தான் முடியும்.

வெளிய வந்தப்ப பாஸ்டர் கை குடுத்தாரு. நல்லா இருந்துச்சுன்னு நான் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி முந்திக்கிட்டாங்க.

"அந்த உதாரணத்தை அடுத்த வாரம் எடுக்காதே."

"யெஸ் மேம்"னாரு பாஸ்டர்.